மாரெட்பள்ளி வீட்டு அமெரிக்க ஃபில்டர்

மீன் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டுவிட்டு உடனே அலமாரியிலிருந்து ஃபில்டர் பெட்டியைக் கையில் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் எல்லாரும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற படித்த பிள்ளைகள். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை வாசிக்க உங்களுக்கு என் உதவி வேண்டாம். ஆனால் கடையை விட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளை நீங்களாகத்தான் கூப்பிட்டு, பெரிய தொட்டிக்கு ஃபில்டர் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். கூப்பிட்ட பாவத்துக்கு முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் இந்தத் தெலுங்கு ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் நானுமாக மாரெட்பள்ளியில் அலங்கார மீன் கடை போட்டோம். அவர் கடையைப் பார்த்துக்கொண்டார். வீடு வீடாகப் போய்த் தொட்டி வைப்பதும் பராமரிப்பதும் என் வேலை. ஊரில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைத்த வருஷங்களில் ஆறடித் தொட்டி இல்லாத ஹால் ஹாலே இல்லை என்று ஆகிவிட்டது. வாஸ்துக்காரர் சொன்னார் என்று வைத்தவர்கள் உண்டு, பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிறது என்று வைத்தவர்கள் அதைவிட அதிகம். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எது பெஸ்ட் ஃபில்டர்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த வீட்டில் தொட்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர் குனிவாரா, தூக்குவாரா, வாயைத் திறந்து குறை சொல்கிறவரா என்பது வரைக்கும் விசாரியுங்கள். ஏன் சொல்கிறேன் என்பது சங்கரலிங்கம் சார் கதையைக் கேட்டால் புரியும்.

சங்கரலிங்கம் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிற மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் மோட்டார், பம்ப் பராமரிக்கிற பிரிவில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கோமதி அம்மா. ஒரே பையன் செந்தில். அவனும் பரீட்சை எழுதி மத்திய அரசு வேலைக்குப் போனான். போன சூட்டோடு அதை ராஜினாமா செய்துவிட்டு, அமீர்பேட்டில் ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டான். அந்தக் காலத்தில் இது வீட்டுக்கு வீடு நடந்ததுதான். ஆனால் சாருக்கு சர்க்கார் வேலை என்பது சாமி கொடுத்த பிரசாதம். அதைக் கீழே போட்டவனோடு பேச்சு வார்த்தை வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் அவர் ஹாலில் ஒரு ஆறடித் தொட்டி வைத்தார். வைத்துக் கொடுத்தது நான். இரண்டு ஆஸ்கர் மீன்கள் வாங்கினார். பெரிய மீன், முரட்டுத் தீனி. தின்றதில் பாதியைத் துப்பி, மீதியைக் கழிந்து, தண்ணீரை நாறடித்துவிடும். அதற்குத் தோதாகத் தொட்டியின் மேலேயே உட்காருகிற பெட்டி ஃபில்டர், டாப் ஃபில்டர் என்போமே, அதைப் போட்டிருந்தேன். நின்றபடியே மூடியைத் திறந்து பஞ்சை அலசிப் போடலாம்.

தொட்டி வந்த பிறகு அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை செந்தில் போன் செய்தால் கோமதி அம்மா பேசிவிட்டு வைத்துவிடுவது வழக்கம். ஒரு ஞாயிறு, அப்பா மீன் வளர்க்கிறார் என்று அவர் சொல்ல, என்ன மீன் என்று பையன் கேட்க, பதில் தெரியாமல் ரிசீவரைக் கணவர் கையில் திணித்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் வாரம் ஒரு தடவை பேசினார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, இருக்கிறது. சாப்பிடுகிறதா, சாப்பிடுகிறது. அவ்வளவுதான், ரிசீவர் அம்மாவிடம் திரும்பிவிடும். அந்த நாலு வார்த்தைக்காகக் கோமதி அம்மா அந்த மீன்களுக்குத் திருஷ்டி சுற்றிப் போடாத குறை.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது செந்தில் பெட்டிக்குள் ஒரு கேனிஸ்டர் ஃபில்டரைச் சுமந்துகொண்டு வந்தான். உருளை டப்பா மாதிரி இருக்கும், தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் உட்காரும், சத்தமே வராது. அமெரிக்க வோல்டேஜ் வேறு என்பதால் கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி மாட்டினான். மறுநாளே சார் என்னைக் கூப்பிட்டு, உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடு, இனிமேல் இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அமெரிக்க சாமான் வந்ததும் மாரெட்பள்ளிக்காரி வேண்டாமல் போய்விட்டாளா என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டுக்கு மீன் தீனி கொடுப்பதோடு சரி. போகும்போதெல்லாம் ஓரக்கண்ணால் தொட்டியைப் பார்ப்பேன். தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருந்தது. என் வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

ஒரு வெயில் காலத்தில் கோமதி அம்மா கடைக்குப் போன் செய்தார். சாருக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் முடிந்து பேகம்பேட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நாளை மறுநாள் செந்தில் அப்பாவைப் பார்க்க வருகிறான், இங்கே மீன் இரண்டும் செத்துக்கொண்டிருக்கின்றன. ஒரே மூச்சில் இவ்வளவையும் சொன்னார்.

போய்ப் பார்த்தால், தண்ணீர் மஞ்சளித்து நாறிக் கிடந்தது. ஒரு மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. இன்னொன்று மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. ஃபில்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் குழாயில் வந்த தண்ணீரில் ஒரு வேகமும் இல்லை. டப்பாவின் மேல் கை வைத்தேன், மோட்டார் கொதித்தது. அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அமெரிக்க மின்சாரத்துக்கும் நம்மூர் மின்சாரத்துக்கும் வோல்டேஜ் மட்டும் வேறு இல்லை, ஃப்ரீக்வென்சி என்கிறார்களே, அந்தத் துடிப்பும் வேறு. அங்கே அறுபது, இங்கே ஐம்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும், துடிப்பை மாற்றாது. அந்த மோட்டார் இங்கே சோம்பிச் சோம்பித்தான் சுற்றும், சூடும் ஆகும். அந்த நாட்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் சுமந்து வந்த பல சாமான்களின் கதை இதுதான்.

அந்த ஓட்டம் இரண்டு ஆஸ்கருக்கு நிச்சயம் போதாது. அப்படியானால் ஒரு வருஷத்துக்கு மேல் தண்ணீர் எப்படித் தெளிவாக இருந்தது? கோமதி அம்மாவிடம் கேட்டேன். சார் தினமும் விடியற்காலையில் எழுந்து குளியலறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி வந்து தொட்டியில் மாற்றுவாராம். எதற்கு என்று கேட்டால் உடற்பயிற்சி என்பாராம். "நடக்கப் போனா நாய் தொரத்துது, வீட்டுக்குள்ளயே தூக்கிக்கிடுதேன்னு சொல்லுவாக" என்றார். எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அழுக்குத் தண்ணீரை வெளியே, நல்ல தண்ணீரை உள்ளே, அந்த வயசில், தினமும். குடல் இறங்காமல் என்ன செய்யும்?

இந்த ஃபில்டர் இந்தத் தொட்டிக்கு ஆகாது என்று மட்டும் சொன்னேன். கோமதி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக கிட்ட மட்டும் சொல்லிராத சரோஜா. அவன் செஞ்சது எதுவுமே சரியா வராதுன்னு ஏற்கெனவே சொல்லுத மனுசன். இதுவும் சரியில்லன்னு தெரிஞ்சா, ஞாயித்துக்கெழம பேசுத அந்த நாலு வார்த்தையும் போயிரும். எனக்கு வேற என்ன இருக்கு?"

நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அப்போது எனக்கு மீன்தான் முக்கியம். அது போய்விட்டால் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது.

அந்த அம்மாவுக்கு அடுத்த அவசரம், பையன் வருவதற்குள் தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும். மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, கல், கண்ணாடி, ஃபில்டர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிடு என்றார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவும் வந்து நின்று அதையே சொன்னார். இங்கேதான் உங்களில் பாதிப் பேர் கவிழ்ந்துவிடுவீர்கள். வாடிக்கையாளர் சொல்கிறார், பார்க்கவும் அதுதான் நியாயமாகத் தெரிகிறது. "நக்கோ அம்மா, வேண்டவே வேண்டாம்" என்று கையை உயர்த்திவிட்டேன். நாள் கணக்காகக் கெட்ட தண்ணீரில் கிடந்த மீனை ஒரேயடியாகப் புதுத் தண்ணீரில் விட்டால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். கல்லையும் பஞ்சையும் கழுவினால் அழுக்கைத் தின்கிற நுண்ணுயிரும் போய்விடும். பளபளக்கிற தொட்டியில் செத்த மீன் மிதக்கும், அதைத்தான் பையன் பார்ப்பான் என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் நயமாகப் பேசிக்கொண்டிருக்க எனக்கு அவகாசம் இல்லை.

தீனியை நிறுத்தினேன். காற்றுக் குமிழி விடுகிற மோட்டாரை மாட்டினேன். தண்ணீரைக் கொஞ்சம் மாற்றினேன், பொறுத்திருந்து மறுபடி கொஞ்சம் மாற்றினேன். கடைக்கு ஓடி ஒரு டாப் ஃபில்டரைக் கொண்டுவந்து, என் கடைத் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழுப்பேறிய பஞ்சை அதில் போட்டேன். நாலு தடவை பெருக்கித் துடைத்த ஹாலுக்குள் அந்த அழுக்குப் பஞ்சோடு நான் நுழைந்தபோது கோமதி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, இதைப் போயா போடப் போகிறாய் என்று தவித்துவிட்டார். அந்த அழுக்கில்தான் உயிர் இருக்கிறது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. சாயங்காலம் ஒருக்களித்துக் கிடந்த மீன் நிமிர்ந்து நீந்தியதும் நம்பினார்.

மறுநாள் கோமதி அம்மா சமைத்துக் கொடுத்த ரசத்தை ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். பையன் வருவதற்குள் அவருக்கு வீட்டில் தலைக்கு மேல் வேலை என்பதால் இந்த ஏற்பாடு. சார் கட்டிலில் துவண்டு கிடந்தார். மீன் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். பிழைத்துக்கொண்டது என்றேன். ஃபில்டரைப் பற்றிப் பேச நான் வாயைத் திறக்கவே இல்லை, கோமதி அம்மாவின் முகம் கண் முன்னால் நின்றது. அவரே பேசினார்.

"அடியில இருக்க சீட்டப் பாத்திருப்பியே?"

பார்த்தேன் சார் என்றேன்.

"பெட்டியப் பிரிச்ச அன்னிக்கே நான் பாத்துட்டேன். மோட்டாரோடயே குடும்பம் நடத்துனவன், எனக்குத் தெரியாதா? அவன் வேலைய விட்ட அன்னிக்கு, நீ எடுக்குத முடிவு எதுவும் உருப்படாதுன்னு சொல்லிட்டேம்மா. சொன்ன வார்த்தைய அள்ள முடியல. துணிமணிக்கு எடமில்லாம இதத் தூக்கிட்டு வந்து நிக்கான். இதுவும் சரியில்லன்னு நான் என் வாயால சொல்லவா?"

மனைவிக்கும் தெரிய வேண்டாம், மகனுக்கும் தெரிய வேண்டாம், வீட்டுக்குப் போனதும் முன்போல நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். "சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் அந்த நிலைமையில் படுத்திருக்கிறவரிடம்?

ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அந்தக் கடைசி வார்த்தை மண்டையைக் குடைந்தது. முன்போலப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? மறுபடி வாளி தூக்குவது. இனிமேல் எடையே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததைக் கோமதி அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மா கணவரிடமிருந்து மறைக்கிறார், கணவர் எல்லாரிடமிருந்தும் மறைக்கிறார், நடுவில் தையல் பிரிந்து மறுபடி ஆபரேஷன் டேபிளில் படுக்கப் போவது அவர்தான். அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்காதே என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் உங்களுக்கு அதையேதான் சொல்வேன். அன்று மட்டும், ஃபில்டர் எது என்கிற பேச்சையும் அந்த மனிதரின் உடம்பையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

செந்தில் பம்பாய் வழியாகக் காலை விமானத்தில் வந்தான். அப்போது பேகம்பேட் விமான நிலையம்தான், அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான். குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் தொட்டியைப் பார்த்தான், மேலே புதுப் பெட்டியைப் பார்த்தான், குனிந்து அலமாரிக்குள் தன் ஃபில்டரையும் பார்த்தான்.

"ஆன்ட்டி, நான் கொண்டு வந்தது வொர்க் ஆகலையா? ஹானஸ்ட்டா சொல்லுங்க."

அவன் பின்னால் நின்று கோமதி அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். ஏதோ சர்வீஸ் பிரச்சினை என்று நான் சொல்ல வேண்டுமாம். எனக்குப் பொய் வராது, வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அறுபது, ஐம்பது கணக்கைச் சொன்னேன். அவனும் இன்ஜினீயர்தான், சொன்னதும் பிடித்துக்கொண்டான். நெற்றியில் தட்டிக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாதுடா என்று அம்மா பதறினார்.

"பிரிச்ச அன்னிக்கே தெரியும்பா. உங்க ஃபில்டர் செய்யாத வேலைய அவர் வாளில செஞ்சாரு. அதான் இப்போ ஆஸ்பத்திரில இருக்காரு. வந்ததும் திரும்பத் தூக்குவாரு" என்றேன்.

கோமதி அம்மா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளை, ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேனே, நன்றாக ஓடுகிறது என்றுதானே சொன்னார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குளிக்கக்கூட இல்லை. பிரயாணச் சட்டையோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

நான் மட்டும் அந்த வீட்டில். தண்ணீர் மாற்றுகிற வேலையை முடித்தேன். நோயாளியிடம் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டு மறுநாளே மீறியவள் நான். இருந்த நாலு வார்த்தையும் என்னால் போய்விட்டால், அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? கடைக்குப் போய் உட்கார்ந்தேன், மத்தியானச் சோறு இறங்கவில்லை. கணவர் என்ன என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

கடைசியில் அந்தத் தொட்டிக்கு என்ன போட்டேன் என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டாப் ஃபில்டரே நிரந்தரமானது. கழிவுத் தண்ணீர் தானாக வெளியே போகவும், நல்ல தண்ணீர் குழாயிலேயே வரவும் ஒரு ஹோஸ் போட்டுக் கொடுத்தேன், வாளியே கிடையாது. அமெரிக்க டப்பாவும் அதன் பாட்டுக்கு ஒரு மூலையில் முனகிக்கொண்டு ஓடியது. இரண்டு ஃபில்டர் எதற்கு என்று உங்களில் யாராவது அந்த வீட்டில் போய்க் கேட்டிருந்தால் உதைத்திருப்பேன்.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் கடையில் போன் அடித்தது. கோமதி அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து, பையனின் செல்போனில். குரல் உடைந்திருந்தது. பின்னால் இரண்டு ஆண்குரல்கள் கத்துவது கேட்டது.

"சரோஜா, ரெண்டு பேருக்கும் பெரிய சண்ட. அந்தச் சனியனத் தூக்கி வெளிய போடுங்கங்கான் இவன். நான் இருக்க வரைக்கும் அது ஓடும்ங்காக அவுக. வேலைய விட்ட கதை, சொல்லாமக் கொள்ளாமப் போன கதை, எல்லாத்தையும் இழுத்துப் போட்டுப் பேசுதாக. இவன் அழுதுக்கிட்டே கத்துதான்."

ஐயோ, உள்ளே போய் நிறுத்துங்கம்மா, தையல் போட்ட உடம்பு என்றேன்.

"நான் எதுக்கு நிறுத்தணும்? எத்தன வருசங்கழிச்சு ரெண்டு பேரும் வாயத் தொறந்திருக்காக. நர்ஸம்மா சத்தம் போட வந்தா. அவ கையப் புடிச்சு இங்க பெஞ்சுல உக்கார வச்சுட்டு, கதவச் சாத்திட்டேன்."